ஐஸுக்குக் கிலோக் கணக்கு, பெட்டிக்கு லிட்டர் கணக்கு

போன வருடம் பங்குனியில் நடந்ததைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், இல்லையென்றால் ஒரு ஓட்டை ஃப்ரிட்ஜோடு நான் எதற்கு இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன் என்று புரியாது. பண்ணாரி அம்மன் கோவில் குண்டத்துக்கு, அதாவது தீமிதிக்கு, நடந்து போகிறவர்களுக்காக எங்கள் ஊரில் சத்தி ரோட்டோரம் நீர்மோர்ப் பந்தல் போடுவோம். மோர் வீட்டுக்கு வீடு வந்துவிடும், ஐஸுக்குத்தான் ஆள் வேண்டும், அந்தப் பொறுப்பு என் மாமாவுடையது. அவர் பழைய இரும்புக் கடையில் கம்ப்ரசர் கழற்றிய ஃப்ரிட்ஜ் கூடு ஒன்றை வாங்கி, மல்லாக்கப் போட்டு, கதவு மேலே திறக்கிற மாதிரி ஐஸ் பெட்டியாக வைத்திருந்தார். கதவில் 165 லிட்டர் என்று ஸ்டிக்கர் இருந்தது.

"தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ. அப்ப 150 கிலோ ஐஸ் சொல்லிரு மாப்ள, கொஞ்சம் எடம் இருந்தாலும் இருந்துட்டுப் போகுது" என்றார். நானும் சரிங்க மாமா என்று ஐம்பது கிலோ ஐஸ் பார் மூன்று சொல்லிவிட்டேன். வந்து இறங்கியதில் ஒரு பார் உள்ளே போனது. இரண்டாவதை உடைத்து இண்டு இடுக்கில் எல்லாம் திணித்தோம், மேலே கொஞ்சம் நின்றுபோய் கதவு மூடவில்லை. மூன்றாவது பார் சாக்குக்கு அடியில், வேப்பமர நிழலில் கிடந்து மத்தியானத்துக்குள் ரோட்டோரக் குழியை நிரப்பிவிட்டுப் போனது. உள்ளே இருந்ததும் சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணீர்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு எத்தனை சுற்று, எவ்வளவு செம்பு என்று கிராம் கணக்கில் பார்க்கிற ஆள். அந்தக் கணக்கு எப்படித் தப்பியது என்று அப்போது உட்கார்ந்து யோசிக்கவில்லை. இந்த வருடம் தை முடிந்ததும் பெட்டியை என் பட்டறைக்கு எடுத்து வந்தேன்.

முதலில் பெட்டி எவ்வளவு பிடிக்கும் என்று பார்த்தேன். ஸ்டிக்கரை நம்பக் கூடாது. உள்ளளவு டேப் வைத்துப் பார்த்ததில் நீளம் 105 செ.மீ., அகலம் 45, ஆழம் 35. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 165.4 லிட்டர், ஸ்டிக்கரோடு பொருந்துகிறதே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் கம்ப்ரசர் உட்கார்ந்திருந்த இடத்தில் உள்பக்கம் ஒரு மேடு இருக்கிறது, அது எவ்வளவு திங்கிறது என்று டேப்பில் வராது. அதனால் தண்ணீர் ஊற்றியே அளந்தேன். பத்து லிட்டர் வாளியைத் தராசில் வைத்துச் சரியாக 10 கிலோ தண்ணீர் வரும் இடத்தில் மார்க்கர் கோடு போட்டு, அந்தக் கோடு வரை பிடித்துப் பிடித்து ஊற்றினேன். 15 வாளியும் மேலே 3 லிட்டரும் போனது. ஆக 153 லிட்டர். மேட்டுக்கு மட்டும் 12 லிட்டர் போயிருக்கிறது.

தராசு சரிதானா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. பக்கத்து மளிகைக் கடையில் முத்திரை போட்ட 2 கிலோ இரும்புக் கல்லை வாங்கி வைத்துப் பார்த்தேன், 1 கிராம் வித்தியாசம், போதும். வெயில் காலத்துத் தண்ணீர் 30 டிகிரியில் லிட்டருக்கு 1000 கிராம் இருக்காது, 996 கிராம்தான் வரும். எங்கள் போர் தண்ணீரோ உப்பு, கரைந்த உப்பைச் சொல்லும் டிடிஎஸ் 1500 காட்டும், அதனால் ஒரு கிராம் போலத் திரும்பக் கூடும். இரண்டும் சேர்ந்தாலும் 153 லிட்டருக்கு அரைக் கிலோ வித்தியாசம்கூட வராது, அதை விட்டுவிடலாம். லிட்டரும் கிலோவும் தண்ணீருக்கு இப்படி ஒட்டி நிற்பது தற்செயல் இல்லை. பிரான்சில் 1790களில் கிலோவை உண்டாக்கியபோதே ஒரு லிட்டர் தண்ணீரின் எடையை வைத்துத்தான் உண்டாக்கினார்கள். தண்ணீரை வைத்துச் செய்த கணக்கு தண்ணீருக்குப் பொருந்தும். அதே தண்ணீர் உறைந்த பிறகு பொருந்தாது.

இதை எனக்கு முதலில் சொன்னது அம்மாதான். இருபது வருடமாகச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். "பாலே ஒரு லிட்டர் ஒரு கிலோவுக்கு மேல நிக்கும், ஐஸு மட்டும் எப்புடிச் சரியா வரும்?" என்று கேட்டார். பால் லிட்டருக்கு 1030 கிராம் பக்கம் வரும், சொசைட்டியில் எடை போட்டு லிட்டராக மாற்றி எழுதுவதைத் தினமும் பார்க்கிறவர். எனக்கு அது தோன்றவில்லை.

சரி, ஐஸை அளந்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். நேர்ச்சுவராக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி எடை போட்டேன், டப்பா நீங்கலாக 612 கிராம். ராத்திரி ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால் எடை 611. அந்த ஒரு கிராம் ஃப்ரீசருக்குள்ளேயே காற்றில் போயிருக்கும். உயரம்தான் மாறியிருந்தது. சுவர் ஓரத்தில் 10.7, நடுவில் 11.4 செ.மீ., இட்லி மாதிரி உப்பல். ஓரம்தான் முதலில் உறைகிறது, நடுவில் மிச்சம் இருக்கிற தண்ணீர் உறையும்போது விரிய இடம் இல்லாமல் மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. மேட்டைச் சமன் செய்து கணக்குப் போட்டால் 10.9 வரும். புத்தகத்தில் சொல்வதும் இதேதான்: ஐஸ் ஒரு லிட்டர் எடை 917 கிராம், ஒரு கிலோ ஐஸ் அடைக்கும் இடம் 1.09 லிட்டர். உறையும்போது மூலக்கூறுகள் ஆறாறாக வளையம் கட்டி, நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கிக்கொள்கின்றன, அந்த வெற்றிடத்துக்குத்தான் இந்த ஒன்பது சதவீதம்.

ஆக, கிலோவை லிட்டராக்க 1.09 ஆல் பெருக்கு, லிட்டரைக் கிலோவாக்க 0.917 ஆல் பெருக்கு. எங்கள் 153 லிட்டர் பெட்டிக்குள் ஒரு பொட்டு இடைவெளி இல்லாமல் ஐஸை வார்த்தாலே 140 கிலோதான் நிற்கும். மாமாவின் 150 கிலோ அங்கேயே தோற்றுவிட்டது. ஆனால் போன வருடம் உள்ளே போனது 140கூட இல்லை, 90 சொச்சம். அந்த மிச்ச ஐம்பதுக்கு வேறு காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

நடுவில் ஒரு அசம்பாவிதம். மோருக்குள் போடுவதற்கு பார் ஐஸை நம்ப முடியாது. மீனுக்கும் இறைச்சிக்கும் அடியில் போட வார்க்கிற ஐஸை எந்தத் தண்ணீரில் வார்த்தார்கள் என்று யாருக்குத் தெரியும். தின்னக் கூடாத ஐஸ் தனியாகத் தெரிய நீல நிறம் கலக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறையின் உத்தரவே இருக்கிறது, நான் பார்த்த பார்கள் எல்லாம் வெள்ளையாகவே வந்தன. அதனால் குடிதண்ணீரை நாங்களே பாட்டிலில் உறைய வைத்து, எலுமிச்சை ஜூஸ் கலக்கும் டிரம்மில் மூடியோடு அப்படியே மிதக்க விடலாம் என்று திட்டம். அதை ஒத்திகை பார்க்கிறேன் என்று வீட்டில் கிடந்த பாட்டிலில் எல்லாம் கழுத்து வரை தண்ணீர் பிடித்து ஃப்ரீசரில் அடுக்கினேன். அதில் அம்மாவின் செம்புப் பாட்டிலும் சேர்ந்துகொண்டது, நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை.

காலையில் அதை எடுத்து மேடை மேல் வைத்தால் நிற்காமல் ஆடியது. திருப்பிப் பார்த்தால் தட்டையாக இருந்த அடிப்பாகம் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி வெளியே புடைத்திருந்தது. அடித்தகடும் உடலும் சேரும் பற்றுவாயில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு, அதன் வழியாக ஒரு வெள்ளை ஐஸ் நாக்கு நகக்கண் அளவு எட்டிப் பார்த்தது. மூடி திருகவே வரவில்லை. ஐஸ் கரையக் கரைய அந்தக் கோட்டிலிருந்து சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. அம்மிச்சி, அம்மாவின் அம்மா, வந்து கையில் வாங்கிப் பார்த்தார். "ஏஞ்சாமி, சும்மா நின்ன தண்ணி செம்பை ஒடைக்குமா?" என்று மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருந்தார். உடைக்கும். மூடியும் போட்டு நாலு பக்கமும் அடைத்துவிட்டால் அது விரிவதைத் தகடு தாங்காது. பிளாஸ்டிக் பாட்டில்கள் உடையவில்லை, ஆனால் அடி உருண்டையாகி அதுவும் நிற்கவில்லை.

அதன் பிறகு வைத்துக்கொண்ட அளவு இது: எந்தப் பாட்டிலாக இருந்தாலும் பத்தில் ஒன்பது பங்குதான் ஊற்றுவது. ஒரு லிட்டர் பாட்டிலில் 900 மி.லி. ஊற்றினால் உறைந்ததும் 981 ஆகும், விளிம்பு வரைக்கும் கொஞ்சம் இடம் மிஞ்சும். கண்ணால் பார்த்து ஊற்றாமல் பாட்டிலைத் தராசில் வைத்து 900 கிராம் வரும் வரை ஊற்றுவது சுலபம். செம்புப் பாட்டில், கண்ணாடிப் பாட்டில் ஃப்ரீசர் பக்கமே போகக் கூடாது. செம்புப் பாட்டிலைப் பிறகு கோபிசெட்டிபாளையத்தில் பற்றவைத்துக் கொடுத்தார்கள், தண்ணீர் ஒழுகவில்லை, ஆனால் ஆட்டம் போகவில்லை.

டிரம்மில் மிதக்க விடுவது பற்றி மாமாவுக்கு ஒரு சந்தேகம். ஐஸ் பெரிதாக இருக்கிறது, கரைந்தால் சின்னதாகிவிடும், அப்படியானால் டிரம்மில் மட்டம் இறங்குமா ஏறுமா என்றார். நல்ல கேள்வி. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, ஒரு ஐஸ் துண்டை மெதுவாக விட்டு, வழிந்ததைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தோம். துண்டின் தலை விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அது முழுதும் கரைந்து முடிந்தும் ஒரு சொட்டு வழியவில்லை, இறங்கவும் இல்லை. மிதக்கிற ஐஸ் தன் எடைக்குச் சமமான தண்ணீரை மட்டும்தான் ஒதுக்கும். ஒரு கிலோ ஐஸ் 1.09 லிட்டர் இருந்தாலும் தண்ணீருக்குள் முழுகி இருப்பது ஒரு லிட்டர்தான், மிச்ச 90 மி.லி. மேலே தலை நீட்டுகிறது, கரையும்போது அந்தத் தலை உள்ளே சுருங்கி இறங்கிவிடுகிறது. அதனால் டிரம்மில் விடுகிற ஐஸுக்கு மட்டும் ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் இடம் என்ற மாமாவின் பழைய கணக்கு அப்படியே சரி. இதைச் சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நாஞ் சொன்னது சரிதான், பெட்டிதான் சரியில்லை" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

அப்புறம் பார். ஈரோட்டுப் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரிக்கு நேரில் போய் டேப்பும் கையுமாக நின்றேன். பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர், அது பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உறையாது, அதற்குள் தகர கேன்களில் நல்ல தண்ணீரை நிரப்பி இறக்கி வைத்திருக்கிறார்கள். அம்மோனியா வாடை மூக்கில் ஏறியது. அங்கே இருந்த அண்ணன் ஒரு கேனைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்தார், பார் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கேனின் வாய் அகலம், அடி குறுகல், அதனால்தான் வழுக்குகிறது. "கேனை நெப்பி ஊத்தறதில்லீங்ணா, மேல இத்தனை விட்டுத்தான் ஊத்துவோம், இல்லீனா பொங்கி உப்புத் தண்ணிக்குள்ள போயிரும்" என்று விரலை மடக்கிக் காட்டினார். செம்புப் பாட்டிலை உடைத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இருந்திருக்காது, முதலில் இவரிடம் வந்திருந்தால்.

அளவு எடுத்தேன்: மேல் முனை 37க்கு 19 செ.மீ., கீழ் முனை 35க்கு 17, நீளம் 84. சராசரியாக 36 × 18 × 84 என்று வைத்தால் 54.4 லிட்டர். 0.917 ஆல் பெருக்கினால் 49.9 கிலோ. அவர்கள் 50 கிலோ பார் என்று சொல்வது சரிதான். நடுவில் தண்டு மாதிரி வெள்ளையாகத் தெரிவது கரைந்திருந்த காற்று, உறைவது ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும்போது காற்றை எல்லாம் ஒதுக்கிக்கொண்டே வந்து கடைசியில் அங்கே சிறை வைத்துவிடுகிறது. ஆனால் வீட்டுக்கு வந்து, மஞ்சள் மூட்டை தூக்குகிற கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தால் 46.5 கிலோ. சாக்கில் சுற்றி, டெம்போவில் ஒன்றரை மணி நேரம் வந்ததில் மூன்றரைக் கிலோ சொட்டிவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது, நான்தான் மத்தியானம் கிளம்பினேன். விடிகாலையில் எடுத்து உமிக்குள் புதைத்துக் கொண்டு வர வேண்டும்.

இப்போது அந்த மிச்ச ஐம்பது கிலோ எங்கே போனது என்பதற்கு வருகிறேன். உள்ளே பார் முழுசாக ஒன்றுதான் படுக்கும், ஏனென்றால் 19 செ.மீ. கனத்தில் இரண்டை அடுக்கினால் 38, பெட்டி ஆழம் 35. பக்கத்தில் வைக்கவும் அகலம் போதாது. அதனால் இரண்டாவதை உடைத்தே ஆக வேண்டும். உடைத்த ஐஸ் எவ்வளவு இடம் அடைக்கும்? கோடு போட்ட அதே வாளியில், குத்தூசியால் உடைத்த துண்டுகளைப் பத்து லிட்டர் கோடு வரை நிரப்பி எடை போட்டேன். 5.6 கிலோ. பத்து லிட்டர் வாளியில் வெறும் ஐந்தே முக்காலுக்கும் குறைவு! அந்த இடுக்குகளில் ஐஸ் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், 3.8 லிட்டர் போனது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது, 5.6 கிலோ ஐஸ் என்றால் 6.1 லிட்டர், மிச்சம் 3.9 லிட்டர் காற்று. வாளியில் பத்தில் நாலு பங்கு ஒன்றுமே இல்லை. கொய்யாப்பழமோ கல்லோ எதைக் கொட்டினாலும் இப்படித்தான் இடைவெளி விழும், ஆனால் காசு கொடுத்து வாங்கிய ஐஸில் விழும்போதுதான் உறுத்துகிறது. பொடியாக நுணுக்கினால் இடைவெளி குறைந்துவிடும் என்று ஒரு நினைப்பு இருந்தது, அது பெரிதாகக் குறைவதில்லை. பெரிசும் சிறிசும் கலந்து கொட்டினால் சிறிசு போய் இடுக்கை அடைக்கிறது, கொஞ்சம் தேறுகிறது.

பெட்டிக்கு இதை வைத்துக் கணக்குப் போட்டேன். ஊர் வந்து சேரும் ஒரு முழுப் பார் 46.5 கிலோ, 51 லிட்டர் இடம். உடைத்த இன்னொரு பார் 46.5 கிலோவை 0.56 ஆல் வகுத்தால் 83 லிட்டர். இரண்டும் சேர்ந்து 134. மிச்சம் 19 லிட்டர், அதில் பன்னிரண்டு ஐஸ் பாட்டில் படுத்துக்கொள்ளும். இரண்டு பாருக்கு மேல் ஆர்டர் சொல்லக் கூடாது. போன வருடம் கதவு மூடாமல் நின்றது ஏன் என்று இங்கே ஒரு கேள்வி வரும். அப்போது இரண்டாவது பாரை மாமா தலை தலையாகப் பெரிய துண்டுகளாக உடைத்தார், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றுவிட்டது.

இடம் போதும். ஆனால் சாயங்காலத்துக்குள் கரைந்ததற்கு இடம் காரணம் இல்லை. பெட்டி ஒழுகுகிறது, தண்ணீர் இல்லை, சூடு. எங்கே, எவ்வளவு? இங்கேதான் எனக்கு இந்த வேலை முழுவதிலும் பிடித்த விஷயம் வந்தது. கரைந்த தண்ணீரை லிட்டரில் அளந்தால் அதுவே கரைந்த ஐஸின் கிலோ. பெட்டியைத் திறக்காமல், ஐஸைத் தூக்கி எடை போடாமல், வடிகிற தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தாலே போதும். ஒரு கிலோ ஐஸ் கரைய 80 கிலோ கலோரி சூடு வேண்டும், ஆகவே வாளியில் எத்தனை லிட்டரோ அத்தனை எண்பது கிலோ கலோரி சுவர் வழியாகவும் கதவு வழியாகவும் உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அரை பார் வாங்கிப் பெட்டியில் வைத்தேன். ஃபேக்டரியிலிருந்து வந்த ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்து, கை வைத்தால் ஒட்டும் பதத்தில் இருக்கும், அது பூஜ்யத்துக்கு வரும் வரை அதிகம் கரையாது, உடனே அளந்தால் பெட்டி நல்ல பெட்டி போலப் பொய் சொல்லும். அதனால் மேலெல்லாம் ஈரம் மினுமினுக்கும் வரை விட்டு, வடிந்ததைக் கொட்டிவிட்டு, ஐஸை எடை பார்த்து, 22.4 கிலோ, ராத்திரி ஏழு மணிக்கு வாளியை வைத்தேன். காலை ஏழு மணிக்கு வாளியில் 7.8 லிட்டர். ஐஸைத் தூக்கிப் பார்த்தால் 14.7 கிலோ, அதாவது 7.7 குறைந்திருக்கிறது. அந்த நூறு கிராம் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றால் உள்ளே புகுந்த காற்றின் ஈரம் ஐஸ் மேல் வியர்த்ததுதான். காற்று புகுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. 7.8 கிலோவை 12 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 60 வாட். பெட்டிக்குள் ஒரு பழைய குண்டு பல்பை ராத்திரி முழுவதும் எரியவிட்ட மாதிரி.

கதவு ரப்பரில் ஆரம்பித்தேன். பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்து மூடி இழுத்தால் இழுபட்டே வரக் கூடாது, எங்கள் பெட்டியில் மூன்று பக்கம் நோட்டு தானாகவே நழுவி விழுந்தது. ரப்பர் காய்ந்து, மூலையில் கிழிந்து, உள்ளே இருக்கும் காந்தப் பட்டை முறிந்திருந்தது. ஈரோட்டில் ஸ்பேர் கடையில் அதே அளவில் ரப்பர் கிடைத்தது. சுருட்டிக் கொடுத்தார்கள், நெளிவு போக வெந்நீரில் போட்டு எடுத்து, சூடு ஆறுவதற்குள் பள்ளத்தில் அழுத்தி உட்கார வைத்தேன். அடுத்த ராத்திரி வாளியில் 5.9 லிட்டர்.

அடுத்தது வடிகால் ஓட்டை. கீழே முக்கால் இஞ்ச் ஓட்டை, தண்ணீர் வடிய என்று மாமா போட்டது. தண்ணீர் மட்டும் வடியவில்லை, குளிர்காற்றும் கனம் என்பதால் அதன் வழியாகவே கீழே இறங்கிப் போகிறது, போன இடத்துக்கு வெளிக்காற்று வருகிறது. ஓட்டைக்கு அடியில் கைக்குட்டையைப் பிடித்தால் ஜில்லென்று காற்று படும். அதில் ஒரு பிளாஸ்டிக் டியூபை மாட்டி, யூ மாதிரி வளைத்துக் கம்பியால் கட்டிவிட்டேன், வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும், காற்று நின்றுவிடும், கூடுதல் தண்ணீர் மட்டும் வழிந்து வாளிக்குப் போகும். வாஷ் பேசின் அடியில் இருக்கும் அதே வளைவுதான். கம்ப்ரசர் குழாய்கள் நுழைந்த ஓட்டைகள், பின் தகட்டில் துரு தின்ற இடங்கள் எல்லாவற்றிலும் ஃபோம் ஸ்ப்ரே அடித்தேன். அது பொங்கும் வேகம் தெரியாமல் அதிகமாக அடித்து, காலையில் பெட்டிக்கு வால் முளைத்த மாதிரி இருந்தது, அறுத்து எடுத்தேன். மூன்றாவது ராத்திரி வாளியில் 4.3 லிட்டர், 33 வாட். பாதிக்குப் பாதி. இதற்குக் கீழே இறக்க வேண்டுமென்றால் சுவரையே கனமாக்க வேண்டும், அந்த வேலை எனக்கு வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன்.

பந்தலுக்கு எத்தனை கிலோ வேண்டும் என்ற கணக்கும் இதே எண்பதில் வருகிறது. மோரை 40 லிட்டர் பால் கேனில் ஊற்றி, கேனைத் தொட்டியில் இறக்கி, சுற்றிலும் உடைத்த ஐஸைப் போட்டு, இடுக்கு நிறையத் தண்ணீர் ஊற்றுவது. தண்ணீர் ஊற்றாமல் வெறும் ஐஸைப் போட்டால் கேனை அங்கங்கே புள்ளி புள்ளியாகத்தான் தொடும், பத்தில் நாலு பங்கு காற்று என்று பார்த்தோமே. ஒரு லிட்டர் ஒரு டிகிரி இறங்க ஒரு கிலோ கலோரி என்று வைத்தால், மோர் 31 டிகிரியிலிருந்து 10க்கு இறங்க 40 × 21, அதாவது 840 கிலோ கலோரி. ஐஸ் ஒரு கிலோ கரைய 80, கரைந்த தண்ணீர் 8 டிகிரி வரை சூடாக இன்னும் 8, மொத்தம் 88. வகுத்தால் ஒரு கேனுக்கு ஒன்பதரைக் கிலோ. வெயிலுக்கும் தொட்டிச் சுவருக்கும் பங்கு போகும் என்று 14 வைத்துக்கொண்டேன், நடைமுறையிலும் அவ்வளவுதான் ஆனது.

இந்த வருடம் முதல் நாள் சாயங்காலமே இரண்டு பார் வந்து இறங்கியது, தராசில் 93 கிலோ. ஒன்றை அப்படியே படுக்க வைத்து, இன்னொன்றைப் பெரிசும் சிறிசுமாக உடைத்துச் சுற்றி நிரப்பி, பன்னிரண்டு பாட்டிலைச் சொருகி மூடினேன். கதவு மூடியது. மாமா ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார், இன்னொரு தடவை திறக்கப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். விடிந்ததும் வாளியில் 4 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. மத்தியானம் வரை மூன்று கேன், அப்புறம் இரண்டு, மொத்தம் 70 கிலோ போல ஐஸ் தொட்டிக்குப் போனது. பகலில் ஆளாளுக்குக் கதவைத் திறந்ததில் இன்னொரு எட்டு லிட்டர் வாளிக்கு வந்தது. பொழுது இறங்கிக் கூட்டம் குறைந்த பிறகு மிச்சத்தைக் கொக்கித் தராசில் தூக்கிப் பார்த்தேன், 11 கிலோ.

வாளித் தண்ணீர் குடிக்க ஆகாது, ஆனால் கொட்டவும் மனசு வரவில்லை. எருமைத் தொட்டிக்கு எடுத்துப் போய் ஊற்றினேன். அது மூக்கை விட்டுப் பார்த்து ஒரு செருமல் செருமி, தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தது. பக்கத்து ஊர்ப் பந்தல்காரர் ஒருவர் அதே சமயம் வந்து, பெட்டியைச் சித்திரைக்கு இரவல் கேட்டார். "எத்தனை கிலோ புடிக்குமுங்க?" என்றார். மாமா என்னை முந்திக்கொண்டு, "முழுசா ஒண்ணு, ஒடைச்சது ஒண்ணு, அதுக்கு மேல ஒரு கட்டிகூட வாங்கீராதீங்க" என்றார்.